டைவர் வாட்ச்சில் ஆழத்துக்கு எவ்வளவு, அழகுக்கு எவ்வளவு?

உங்கள் கேள்வி மூன்று துண்டாக வந்திருக்கிறது. 300 மீட்டர், 600 மீட்டர், 1,200 மீட்டர் என்று போட்டிருக்கும் ஆட்டோமேட்டிக் டைவர் வாட்ச்களில் எதை வாங்கலாம், ஹீலியம் வால்வு இருந்தே ஆக வேண்டுமா, கட்டிக்கொண்டே குளிக்கலாமா. வருடத்துக்கு ஒருமுறை அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போய் 18 மீட்டர் வரை டைவிங் செய்வதாகவும், மற்ற நாளெல்லாம் சென்னையில் ஆபீஸ் வேலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால், நீங்கள் கேட்க வருவது இதுதான் என்று படுகிறது: லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் பொருளில் எது உண்மையிலேயே வேலை செய்கிறது, எது சும்மா பெயருக்கு? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் வாட்ச் ரிப்பேர் செய்பவன். மெஷின், வாஷர் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்), சாவி (பக்கத்தில் இருக்கும் திருகு குமிழ்) பற்றிச் சொல்வதெல்லாம் மேசையில் கையால் பார்த்தது. டைவிங் சான்றிதழ் என்னிடம் இல்லை, அதனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதில் உங்கள் பயிற்றுநர் சொல்வதே முடிவு.

முதலில் அந்த எண். கடலில் 10 மீட்டர் இறங்கினால் சுமாராக ஒரு பார் அழுத்தம் கூடும். 300 மீட்டரில் 30 பார். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடியின் மேல் கிட்டத்தட்ட 215 கிலோவை ஏற்றி வைப்பதும் அதுவும் ஒன்று. டைவர் வாட்ச்சுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 6425 என்று ஒரு தரவிதி இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், போட்டிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் 2 மணி நேரம் தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்கிறது அது. முக்கியமான விஷயம், மாதிரிக்கு நாலு எடுத்துப் பார்த்தால் போதாது, விற்பனைக்குப் போகிற ஒவ்வொரு வாட்ச்சும் சோதனையைத் தாண்ட வேண்டும். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று மட்டும் போட்டிருக்கும் சாதாரண வாட்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 22810இல் இந்தக் கட்டாயம் கிடையாது. ஜப்பான் கம்பெனிகள் பெரும்பாலும் டயலிலேயே 'டைவர்ஸ் 200 மீட்டர்' என்று எழுதிவிடுவார்கள். சுவிஸ் கம்பெனிகள் பலவும் அந்தச் சொல்லைப் போடுவதில்லை. போடவில்லை என்பதால் சோதிக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ரோலெக்ஸ் டைவர் மாடல்களை ஒவ்வொன்றாக அதே 25 சதவீதக் கூடுதலில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறது.

மனித உடம்பின் எல்லையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொழுதுபோக்கு டைவிங்குக்கு எல்லை 40 மீட்டர். ஸ்கூபா சிலிண்டரோடு இறங்கியதில் கின்னஸ் பதிவில் இருப்பது எகிப்தைச் சேர்ந்த அகமது கப்ர் 2014இல் செங்கடலில் தொட்ட 332.35 மீட்டர். ஆழ்கடல் வேலைகளைச் செய்யும் பிரான்ஸின் கோமெக்ஸ் நிறுவனத்தின் டைவர்கள் 1988இல் கடலில் 534 மீட்டரில் வேலை பார்த்தார்கள். 1992இல் அதே நிறுவனத்தின் அழுத்த அறைக்குள், கடலுக்கே போகாமல், ஒருவர் 701 மீட்டருக்குச் சமமான அழுத்தத்தைத் தொட்டார். ஆகவே 1,200 மீட்டர் வாட்ச் கட்டிய கை அந்த ஆழத்துக்குப் போகப் போவதில்லை. ரோலெக்ஸ் 2022இல் 11,000 மீட்டர் தாங்கும் டீப்சீ சேலஞ்ச் என்ற வாட்ச்சை விற்பனைக்கே கொண்டுவந்தது. 50 மில்லிமீட்டர் அகலம், 23 மில்லிமீட்டர் தடிமன், கண்ணாடி மட்டும் 9.5 மில்லிமீட்டர். இன்ஜினியரிங் சாதனை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஃபுல் ஹேண்ட் சட்டை போட்டால் பட்டன் போட முடியாது.

இந்த இடத்தில் ஒரு கட்டுக்கதையைக் கழித்துவிடலாம். 'நீந்தும்போது கை வீசுகிற வேகத்தில் அழுத்தம் பல மடங்காகிவிடும், அதனால் 30 மீட்டர் வாட்ச் கை கழுவ மட்டும்தான்' என்று கடைக்காரர்களே சொல்வார்கள். கணக்குப் போட்டால் நிற்காது. கை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனால் கூடுகிற அழுத்தம் வெறும் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சமம். விநாடிக்கு 10 மீட்டர் என்றே வைத்தாலும், அந்த வேகத்தில் தண்ணீருக்குள் யாராலும் கை வீச முடியாது என்பது வேறு விஷயம், 5 மீட்டர்தான் கூடும். அப்புறம் ஏன் 30 மீட்டர் வாட்ச்களில் தண்ணீர் இறங்குகிறது? சாவியில் ஒற்றை வாஷர், மெல்லிய பின்மூடி, சோதனையோ மாதிரிக்கு, வாஷரோ வாங்கியதிலிருந்து மாற்றாதது. வேகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வயதை மறந்துவிடுகிறோம்.

நான் சொல்ல வருவதன் மையமும் இதுதான். டயலில் அச்சடித்த ஆழம், வாட்ச் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு உண்மை. இன்றைக்கு அது உண்மையா என்பதை மூன்று இடத்தில் இருக்கும் ரப்பர் வளையங்கள்தான் சொல்லும்: கண்ணாடிக்கு அடியில், பின்மூடியில், சாவிக்குள். வீட்டுக் குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் விசில் வராமல் காட்டிக்கொடுத்துவிடும். வாட்ச்சில் அப்படி எச்சரிக்க எதுவும் கிடையாது. என்னிடம் வருகிறவற்றில் பின்மூடியைத் திருகிக் கழற்றியதும் முதலில் பார்ப்பது அந்த வளையத்தைத்தான். புதிதாக இருக்கும்போது உருண்டையாக, சிலிகான் கிரீஸ் பூசிப் பளபளப்பாக, இழுத்தால் நீண்டு திரும்பும். சில வருடம் கழித்துத் திறந்தால் ஒரு பக்கம் தட்டையாகி, கிரீஸ் காய்ந்து, இடுக்கியால் எடுக்கும்போதே ஒடியும். அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் கறுப்பாக வியர்வை அழுக்கும், சாவிக் குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்பும் படிந்திருக்கும். வெளியே ஒரு கீறல் இல்லாத வாட்ச்சாகக்கூட இருக்கும்.

சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் 'டெஸ்ட் பண்ணிட்டோம் சார்' என்ற வாக்கியத்துக்குப் பல அர்த்தம் உண்டு. என் மேசையில் இருப்பது பாதி தண்ணீர் ஊற்றிய தடித்த கண்ணாடி சிலிண்டர். வாட்ச்சைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு, காற்றை அடித்து அழுத்தத்தை ஏற்றிச் சில நிமிடம் விட வேண்டும். எங்காவது ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போயிருக்கும். பிறகு வாட்ச்சைத் தண்ணீருக்குள் இறக்கி, மெதுவாக அழுத்தத்தைக் குறைத்தால், உள்ளே போன காற்று குமிழியாகத் திரும்பி வரும். பெரும்பாலும் சாவியின் அடியிலிருந்துதான், ஊசிமுனை அளவில் ஒன்றன்பின் ஒன்றாக. ஆனால் இந்த சிலிண்டர் 6 பார் வரைதான் போகும். 300 மீட்டர் வாட்ச் 60 மீட்டருக்குத் தாங்குகிறது என்று நான் உறுதி சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது. 37.5 பாரில் தண்ணீருக்குள் வைத்துப் பார்க்க கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கும் பெரிய இயந்திரம் வேண்டும்.

ஆனால் குறைந்த அழுத்தத்தில் பார்ப்பது வீண் வேலையும் அல்ல. அழுத்தம் கூடக் கூட, பின்மூடி வளையம் தன் பள்ளத்தில் இன்னும் இறுக்கமாக அழுந்தும். அதனால் ஆழத்தில் தாக்குப்பிடிக்கிற வாட்ச் முழங்கால் அளவுத் தண்ணீரில் கசிவது நடக்கக்கூடியதுதான். ஐ.எஸ்.ஓ. சோதனையிலும் பெரிய அழுத்தம் முடிந்ததும் 0.3 பாருக்கு இறக்கி ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லியிருப்பதற்குக் காரணம் இதுவே. கடைசியில் ஒரு எளிய பரிசோதனை: வாட்ச்சை 40 டிகிரிக்கு மேல் கொஞ்சம் சூடாக்கி, கண்ணாடியின் மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீரை வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பது. உள்பக்கம் பனி படர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் சாவியை இழுத்துத் தேதி மாற்றிவிட்டு அப்படியே மறந்துபோனாலும் இந்தப் பனி வரும். தண்ணீர் இறங்கவில்லை, காற்றின் ஈரம்தான் உள்ளே போயிருக்கிறது. எங்கள் ஊர்க் காற்றுக்கு, ஏசி போட்டு ஈரம் குறைந்த அறையில் மூடுகிற கடையா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

சரி, ஹீலியம் வால்வு. இது தண்ணீருக்குள் வேலை செய்கிற பொருளே அல்ல. எண்ணெய்க் கிணறு போன்ற இடங்களில் ஆழத்தில் வேலை பார்ப்பவர்கள் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், அழுத்தம் ஏற்றிய அறையிலேயே தங்கி, ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஹீலியம் அணு அவ்வளவு சிறியது, ரப்பர் வளையத்தையே ஊடுருவி மெல்ல வாட்ச்சுக்குள் சேர்ந்துவிடும். வேலை முடிந்து அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது, உள்ளே போன அதே வேகத்தில் அதனால் வெளியே வர முடியாது. அமுக்கம் தாங்காமல் கண்ணாடி எகிறிவிடும். இதற்காகத்தான் உள்ளே அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கிற ஸ்பிரிங் வைத்த ஒருவழி வால்வு. ரோலெக்ஸ் 1967இல் இதற்குக் காப்புரிமை கோரியது. கோமெக்ஸ் டைவர்களோடு சேர்ந்து சீ-ட்வெல்லர் மாடலில் அதைப் பயன்படுத்தியது. அதே காலத்தில் டாக்ஸா என்ற இன்னொரு சுவிஸ் வாட்ச் கம்பெனியும் அதில் இறங்கியிருந்தது. கடலடியில் ஆட்களைத் தங்கவைத்துப் பார்த்த அமெரிக்கக் கடற்படையின் சீலேப் சோதனைகளில் இருந்த டைவர் பாப் பார்த்தின் யோசனை இது என்பார்கள். முதலில் யார் என்ற சண்டை வாட்ச் பிரியர்களிடம் இன்னும் ஓயவில்லை, அதில் நான் தலையிடவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது, வால்வு இல்லாமலும் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கலாம் என்பது. ஒமேகா 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ப்ளோப்ராஃப், ஜப்பானின் சைகோ 1975இல் கொண்டுவந்த டைட்டானியம் 600 மீட்டர் வாட்ச், இரண்டிலும் வால்வு கிடையாது. ஹீலியத்தை உள்ளேயே விடாதபடி ஒற்றைத் துண்டுக் கூடும் தனி வடிவ வாஷரும் வைத்தார்கள். தனிப்பட்ட முறையில் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். வால்வும் ஒரு ஓட்டைதானே, அதற்கும் ஒரு வாஷர், அதையும் யாராவது நினைவு வைத்து மாற்ற வேண்டும். ஒமேகா சீமாஸ்டரில் 10 மணி பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் வால்வைச் சாவி என்று நினைத்துத் திருகித் தளர்த்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஹேவ்லாக்கில் 18 மீட்டர் இறங்கும் உங்களுக்கு அது தேவையில்லை. அழகாக இருக்கிறது என்று வாங்கினால் தப்பும் இல்லை.

ஆழத்தை ஓரமாக வைத்துவிட்டால், டைவர் வாட்ச்சை டைவர் வாட்ச் ஆக்குவது பெசல்தான், அதாவது கண்ணாடியைச் சுற்றி நிமிடக் குறிகளோடு திரும்புகிற வளையம். சுவிஸ் வாட்ச் நிறுவனமான பிளாங்பெய்னை அப்போது நடத்திக்கொண்டிருந்த ஜான்-ஜாக் ஃபீஸ்டர் தானே டைவர். தெற்கு பிரான்ஸில் ஒருமுறை நேரத்தைக் கவனிக்காமல் இருந்து காற்றுத் தீர்ந்து அவசரமாக மேலே வர வேண்டியதாகிவிட்டது. 1953இல் அவர் கொண்டுவந்த ஃபிஃப்டி ஃபேதம்ஸ் வாட்ச்சில், அழுத்திப் பிடித்தால்தான் திரும்புகிற பெசல் இருந்தது. பிரெஞ்சுக் கடற்படையின் போர் நீச்சல் வீரர்களுக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் மலுபியேவும் குளோத் ரிஃபோவும் தேடிக்கொண்டிருந்ததும் அதுபோன்ற ஒன்றைத்தான்: கறுப்பு டயல், பெரிய எழுத்து, பளிச்சென்ற முள். ரோலெக்ஸ் சப்மரைனரும் அதே ஆண்டுவாக்கில் வந்தது. எது முதல் டைவர் வாட்ச் என்பது இன்றுவரை வாதம்தான். 1932இலேயே ஒமேகா மரீன் இருந்தது என்பவர்களும் உண்டு, ஆனால் அதில் நேரம் அளக்கும் பெசல் கிடையாது.

இன்றைய பெசல் ஒரு பக்கம் மட்டும், இடப்பக்கமாக மட்டும், திரும்பும். இறங்கும்போது முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், போன நிமிடத்தைப் பெசலிலேயே படிக்கலாம். பாறையில் இடித்துப் பெசல் நகர்ந்தாலும், உண்மையில் போனதைவிட அதிக நேரம் போய்விட்டதாகத்தான் காட்டும். நீங்கள் சீக்கிரம் மேலே வருவீர்கள், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் நகர்ந்தால்தான் ஆபத்து. டைவிங் பயிற்சிச் சான்று தரும் பாடி (PADI) நிறுவனத்தின் அட்டவணையில் 18 மீட்டருக்கு அதிகபட்சம் 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம்தான் என்பதைப் பார்த்தால், ஐந்து நிமிடப் பிழை எவ்வளவு பெரியது என்று புரியும். இன்று இந்தக் கணக்கையெல்லாம் டைவ் கம்ப்யூட்டர் செய்கிறது, அதை விட்டுவிட்டு மெக்கானிக்கல் வாட்ச்சை நம்பி இறங்க வேண்டாம். கம்ப்யூட்டர் கைவிட்டால் இரண்டாவது துணையாக வாட்ச் இருக்கட்டும்.

ஒளிரும் பூச்சுக்கும் அதே ஐ.எஸ்.ஓ. 6425 விதியில் இடம் உண்டு: இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும், வாட்ச் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதும் தெரிய வேண்டும். விநாடி முள்ளில் ஒரு பொட்டு ஒளிர்வது அதற்குத்தான். ஒமேகாவில் நிமிட முள்ளும் பெசல் பொட்டும் பச்சையாகவும் மற்றவை நீலமாகவும் ஒளிர்வதைக் கவனித்திருப்பீர்கள். டைவருக்கு வேண்டிய இரண்டையும் தனியே பிரித்துக் காட்டும் யோசனை அது, எனக்கு மிகவும் பிடித்தது. ஆரஞ்சு டயல்தான் ஆழத்தில் நன்றாகத் தெரியும் என்று டாக்ஸா காலத்திலிருந்து சொல்கிறார்கள். இதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை, அடுத்து ஆரஞ்சை. ஆழத்தில் படிக்க முடிவது, டயலுக்கும் முள்ளுக்கும் உள்ள வெளுப்பு-கறுப்பு வித்தியாசத்தால்தான்.

அப்படியானால் காசு எங்கே போகிறது? 200 மீட்டர் தாங்கும், ஐ.எஸ்.ஓ. விதிப்படி சோதித்த சைகோ ஆட்டோமேட்டிக் வாட்ச் இந்த லட்சங்களில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. தண்ணீர் உள்ளே போகாமல் காப்பதில் அதற்கும் விலை உயர்ந்ததற்கும் உங்கள் 18 மீட்டரில் வித்தியாசம் தெரியாது. கூடுதல் பணம் போவது மெஷினுக்கும், கூட்டின் மெருகுக்கும், பெயருக்கும். மெஷின் வித்தியாசம் நிஜம். நேரத் துல்லியத்துக்கான சுவிஸ் சி.ஓ.எஸ்.சி. அமைப்பின் சான்று நாளுக்கு மைனஸ் 4 முதல் பிளஸ் 6 விநாடி வரை அனுமதிக்கிறது. ரோலெக்ஸ் தன் அளவில் பிளஸ் மைனஸ் 2 என்கிறது. பிளாங்பெய்னின் 1315 மெஷின் மூன்று ஸ்பிரிங் பெட்டியோடு 120 மணி நேரம் ஓடும். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் உபயோகமானது காந்தத்தைத் தாங்குவது. ஐ.எஸ்.ஓ. கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது காந்த வலிமையின் இன்னொரு அளவில் சுமார் 60 காஸ். ஒமேகா சீமாஸ்டரின் 8800 மெஷின் சிலிக்கான் மயிர்ச்சுருளோடு (ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய ஸ்பிரிங்) 15,000 காஸ் தாங்குகிறது. போன் கவர், ஸ்பீக்கர், பை மூடியில் இருக்கும் காந்தம் என்று ஆபீஸ்காரர் கையைச் சுற்றிக் காந்தம்தான். திடீரென்று நாளுக்கு நிமிடக்கணக்கில் வேகமாக ஓடும் வாட்ச்களில் பாதியைக் காந்தம் நீக்கும் கருவியில் காட்டினாலே சரியாகிவிடும்.

உலோகம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ரோலெக்ஸின் 904எல் எஃகு மற்றவர்களின் 316எல்லைவிட அரிப்பைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் 316எல் வாட்ச் கெடுவதும் வெளியே அல்ல, பின்மூடி வாஷர் உட்காரும் பள்ளத்தில். அங்கே வியர்வை மாதக்கணக்கில் தேங்கினால் புள்ளி புள்ளியாக அரிக்கும், அப்புறம் புது வாஷர் போட்டாலும் அடைபடாது. அதற்கு மருந்து நல்ல தண்ணீரில் கழுவுவதுதான். டைட்டானியம் அரிக்காது, லேசு, ஆனால் சீக்கிரம் கீறல் விழும். செராமிக் பெசலில் கீறல் விழாது, கீழே விழுந்தால் உடையலாம்.

குளியலுக்கு வருகிறேன். குளிர்ந்த தண்ணீரில் குளித்தால் ஒன்றும் ஆகாது. ஹீட்டர் தண்ணீரும் சோப்பும் வேண்டாம். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும், பிறகு ஏசி அறையில் சட்டென்று சுருங்கி, தளர்ந்த வாஷர் வழியாக ஈரத்தை இழுக்கும். சோப்பு வாஷரின் கிரீஸைக் கரைக்கும். கடலில் இறங்கும் முன் சாவியைத் திருகி மூடியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீருக்குள்ளேயே பெசலை இரண்டு சுற்றுத் திருப்புங்கள், அடியில் இருக்கும் மணலும் உப்பும் போகும்.

எதை வாங்கலாம் என்றால், 200 அல்லது 300 மீட்டர், வால்வு விருப்பம், திருகு சாவி கட்டாயம், ஆபீஸ் கைக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் போகாதது. 600, 1,200 என்று போகப் போக நீங்கள் வாங்குவது கனத்தை. கடையில் கையை நனைத்துக்கொண்டு பெசலைத் திருப்பிப் பாருங்கள். ஈரக் கைக்கு வழுக்கினால் டைவிங் கையுறைக்கும் வழுக்கும். பிறகு விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: அந்தமான் போவதற்கு முந்தைய மாதம் வாஷர் மாற்றி, முழு அழுத்தத்தில் தண்ணீர்ச் சோதனை செய்து, சீட்டோடு தர உங்கள் சர்வீஸ் சென்டருக்கு எத்தனை நாள் ஆகும்? வாட்ச்சை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால், டிரிப்புக்கு ஆறு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டியிருக்கலாம்.